"படுத்தா சரியாயிடும்"னு விட்டுட்டோம்: அப்பாவுக்குப் பக்கவாதம், சில கேள்விகள்

நடைபயணி | பதிவு 1

அப்பாவுக்கு 64 வயது. இன்றோடு ஒன்பதாவது நாள் வார்டில் இருக்கிறோம். அவர் தூங்கும்போது நாற்காலியில் உட்கார்ந்து இதைத் தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்று மாலை ஏழு மணி இருக்கும். ஏதோ படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். பேனா கையிலிருந்து விழுந்தது. எடுத்தார், மறுபடி விழுந்தது. "கை மரத்துப் போச்சு" என்றார். பேச்சு லேசாகக் குழறியது என்று அம்மா சொல்கிறார், எனக்கு அப்படிப் படவில்லை. பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகி, கையை மடக்கி நீட்டிக் காட்டிச் சிரித்தார். "ஒரே பக்கமா சாஞ்சு உட்கார்ந்திருப்பீங்க, படுங்க" என்று சொன்னது நான்தான். பத்தரைக்குப் படுத்தார்.

காலை ஆறு மணிக்கு அம்மா எழுப்பியபோது வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கையும் காலும் அசையவில்லை. என்ன கேட்டாலும் "அது... அது..." என்பது மட்டும்தான்.

அவசரப் பிரிவில் கேட்ட முதல் கேள்வி: "கடைசியா எப்ப நல்லா இருந்தார்?" நான் "ஆறு மணிக்குத்தான் ஆரம்பிச்சுது" என்றேன். "ஆறு மணிக்கு நீங்க பார்த்தீங்க. அதுக்கு முன்னாடி நல்லா இருந்ததை எப்ப பார்த்தீங்க?" பத்தரை என்றேன். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடும் நேரம் தாண்டிவிட்டது என்றார்கள்.

கேட்க நினைப்பது நான்கு. மாலையே கூட்டிப் போயிருந்தால் இது நடந்திருக்காதா? பிபி நார்மலாக இருக்கிறது என்று நான்கு மாதமாக மாத்திரையை நிறுத்தியிருந்தார், அதனால்தானா? வலது தோளில் வலி என்று முகத்தைச் சுளிக்கிறார், கை செயலிழந்திருக்கும்போது வலி எப்படி வரும்? யார் வந்து பார்த்தாலும் உடனே அழுகிறார். வாழ்நாளில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

இரவுப்பணி | பதிவு 2

நடைபயணி, பதினான்கு வருடமாக ஸ்ட்ரோக் வார்டில் செவிலியராக இருக்கிறேன். முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன், சுற்றி வளைத்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

மாலையில் வந்தது கை மரத்துப் போனதல்ல. தற்காலிக அடைப்பு. நாங்கள் டிஐஏ என்போம், மினி ஸ்ட்ரோக் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ரத்தக்கட்டி ஒன்று மூளைக் குழாயில் சிக்கி, தானே கரைந்து போயிருக்கிறது. அதன் பிறகு வரும் பெரிய தாக்குதலுக்கு ஆபத்து மிக அதிகமாக இருப்பது முதல் 48 மணி நேரம்தான். உடனே பார்த்துச் சிகிச்சை தொடங்கினால் அடுத்த மூன்று மாதத்தில் பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 80 சதவீதம் குறைந்ததாக 2007ல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த ஆய்வு காட்டியது. ஆக, போயிருந்தால் தடுத்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது. நிச்சயம் தடுத்திருக்கும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது.

ஆனால் ஒன்று. பத்து நிமிடத்தில் சரியாகி, சிரித்துக்கொண்டு கையை ஆட்டிக் காட்டும் ஆளை ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போகிற குடும்பத்தை இத்தனை வருடத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பார்த்திருக்கிறேன். "சரியாயிடுச்சு" என்பதுதான் இந்த நோயின் பெரிய ஏமாற்று.

நேரக் கணக்கும் சொல்லிவிடுகிறேன், இழையைப் படிக்கும் மற்றவர்களுக்கு உதவும். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான். கடிகாரம் ஓடத் தொடங்குவது நீங்கள் கவனித்த நொடியிலிருந்து அல்ல, அவர் நன்றாக இருந்ததை யாராவது கடைசியாகப் பார்த்த நொடியிலிருந்து. உங்கள் விஷயத்தில் பத்தரை டு ஆறு, ஏழரை மணி நேரம். பக்கவாதத்தில் ஐந்தில் ஒன்று இப்படித் தூங்கி எழும்போது தெரிவதுதான். எம்ஆர்ஐ எடுத்து, பாதிப்பு புதியதுதான் என்று தெரிந்தால் அப்படிப்பட்ட சிலருக்கும் ஊசி போடலாம் என்று 2018ல் நிரூபித்தார்கள். பெரிய குழாய் அடைத்திருந்தால் தொடை வழியாகக் கம்பி செலுத்திக் கட்டியை இழுத்தெடுக்கும் முறையும் உண்டு, பொருத்தமானவர்களுக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்கிறார்கள். எல்லா இடத்திலும் வசதி இல்லை, எல்லோருக்கும் பொருந்துவதும் இல்லை. உங்கள் அப்பாவுக்கு அதைப் பரிசீலித்தார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். குற்றம் சாட்டுவதற்காக இல்லை, எந்தக் குழாய், எவ்வளவு பெரிய அடைப்பு என்பது உங்களுக்கும் தெரிய வேண்டும்.

கணக்கர்_ஓய்வு | பதிவு 3

தம்பி, மனசைத் தளர விடாதீங்க. ஆனா மாத்திரை நிறுத்தினதுதான் காரணம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. எனக்கு வயசு 61. ரெண்டு வருஷமா பிபி மாத்திரை தொடுறதில்லை. தலைவலி இல்லை, கிறுகிறுப்பு இல்லை, தினம் நடக்கிறேன். உடம்புக்கு ஒண்ணு ஆனா உடம்பே சொல்லும். இவங்க பயமுறுத்தியே மாத்திரையை விக்கிறாங்க.

வாசமல்லி | பதிவு 4

நடைபயணி சார், அப்பா சீக்கிரம் குணமாக வேண்டிக்கிறேன். எங்க குடும்பக் குழுவில் வந்ததைப் பகிர்றேன். பக்கவாதம் வந்ததும் ஆளை அசைக்காம, பத்து விரல் நுனியிலும் ஊசியால குத்தி ஒரு துளி ரத்தம் வர வச்சா நினைவு திரும்பிடுமாம். வாய் கோணியிருந்தா ரெண்டு காதையும் இழுத்துவிட்டு, காது மடல்லயும் குத்தணுமாம். யாருக்காவது உதவும்.

இரவுப்பணி | பதிவு 5

வாசமல்லி அக்கா, நல்ல மனசோட போட்டிருக்கீங்க, தெரியுது. ஆனா தயவுசெஞ்சு அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீங்க. அடைப்பு இருப்பது மூளைக்குள்ள. விரல் நுனியில ஒரு துளி எடுத்தா அங்க எதுவும் மாறாது. அந்தச் செய்தியிலேயே மோசமான வரி "ஆளை அசைக்காம" என்பதுதான். பெரிய குழாய் அடைபட்டால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன. பத்து விரலையும் குத்தி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்னு நீங்களே கணக்குப் போடுங்க.

வாசமல்லி | பதிவு 6

ஐயோ. பதிவை அழிக்க வழி தெரியலை. குழுவில் இப்பவே மறுப்பு போடுறேன்.

பழைய_ரேடியோ | பதிவு 7

அழிக்க வேண்டாம் அக்கா, கீழே பதிலோட அப்படியே இருக்கட்டும், தேடி வர்றவங்க பார்ப்பாங்க.

எனக்கு ஒரு சந்தேகம். ஹார்ட் அட்டாக்குன்னா உடனே ஆஸ்பிரின் மெல்லக் கொடுக்கச் சொல்றாங்களே. இதுவும் அடைப்புதானே, வீட்டிலேயே ஒரு மாத்திரை கொடுத்துட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டா என்ன?

இரவுப்பணி | பதிவு 8

கூடாது. இரண்டு காரணம்.

பெரும்பாலோருக்கு அடைப்புதான், ஆனால் மீதிப் பேருக்குக் குழாய் வெடித்து மூளைக்குள் ரத்தம் கசிந்திருக்கும். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எத்தனை அனுபவமுள்ள டாக்டராலும் ஸ்கேன் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. கசிவில் ஆஸ்பிரின் கொடுத்தால் நிலைமை மோசமாகலாம். அவசரப் பிரிவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலில் சிடி ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு ஓடுவது இதற்காகத்தான்.

இரண்டாவது, விழுங்கும் தசையும் பாதிக்கப்பட்டிருக்கலாம். மாத்திரையோ, "கொஞ்சம் தண்ணி குடிங்க" என்று கொடுக்கும் ஒரு வாய் நீரோ மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியாவில் முடியலாம். விழுங்கும் திறனைச் சோதிக்கும் வரை வாய்வழியாக எதுவும் வேண்டாம்.

வீட்டில் பிபி பார்த்து 190 இருக்கிறதே என்று இருக்கிற பிபி மாத்திரையைக் கூடுதலாகக் கொடுப்பவர்களும் உண்டு. அதுவும் வேண்டாம். அடைப்பு இருக்கும்போது பக்கத்துக் குழாய்கள் வழியாக ரத்தம் போய்ச்சேர அந்த அழுத்தம் தேவைப்படுகிறது. ஊசி போடாத நோயாளிக்கு 220/120 தாண்டும் வரை நாங்களே பொதுவாகக் குறைக்க அவசரப்படுவதில்லை. ஊசி போடுவதாக இருந்தால் கணக்கு வேறு, 185/110க்குக் கீழே கொண்டுவர வேண்டும். அதெல்லாம் அங்கே பார்த்துக்கொள்வார்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது: நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அவர் சாப்பிடும் மாத்திரைப் பையை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது சாப்பிடுகிறாரா என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சர்க்கரை நோயாளியாக இருந்து வீட்டில் கருவி இருந்தால் ஒரு முறை சுகர் பார்க்கலாம், மிகவும் தாழ்ந்தாலும் இதே போல வாய் குழறும். அதற்காகவும் கிளம்புவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

சுழலும்_அறை | பதிவு 9

முகம் கோணுதா, கை இறங்குதா, பேச்சு குழறுதா, இந்த மூன்றையும் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு மூன்றுமே இல்லை. அதனால் எழுதுகிறேன்.

வயது 38. ஒரு நாள் திடீரென்று அறையே சுழன்றது. வாந்தி. எழுந்து நின்றால் குடித்தவள் போல இடது பக்கமே சாய்ந்தேன். ஒன்று இரண்டாகத் தெரிந்தது. அவசரப் பிரிவில் காதுக் கோளாறு என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். யார், எந்த இடம் என்பதெல்லாம் வேண்டாம். முகமும் கையும் பேச்சும் நன்றாக இருந்ததால் அவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. மறுநாள் வேறு இடத்தில் எம்ஆர்ஐ எடுத்தபோது சிறுமூளையில் அடைப்பு. கழுத்தின் பின்பக்கக் குழாயின் உள்சுவர் கிழிந்து, அங்கே உறைந்த கட்டி மேலே போயிருக்கிறது. இளவயதில் வரும் பக்கவாதத்துக்கு இப்படிக் கிழிவது ஒரு முக்கியக் காரணமாம். நான்கு நாள் முன்பிருந்தே பின்கழுத்தில் வலி இருந்தது, தலையணை சரியில்லை என்று நினைத்தேன்.

அதனால் பட்டியலில் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: திடீரென்று நிலை தடுமாறுவது, திடீரென்று பார்வை மங்குவது அல்லது இரண்டாகத் தெரிவது. "திடீரென்று" என்ற சொல்தான் முக்கியம். தலைசுற்றல் எல்லாம் பக்கவாதம் இல்லை, ஆனால் பிடிமானம் இல்லாமல் நிற்கவே முடியவில்லை என்றால் விடாதீர்கள்.

கைபிடி | பதிவு 10

பிசியோதெரபிஸ்ட். நடைபயணி, தோள் கேள்விக்கு மட்டும் வருகிறேன், ஏனென்றால் அது இன்றே கவனிக்க வேண்டியது.

தோள் மூட்டைப் பிடித்து நிறுத்துவது எலும்புக் குழி அல்ல, சுற்றியிருக்கும் தசைதான். தசை செயலிழந்ததும் கையின் எடையே மூட்டைக் கீழே இழுத்துவிடும். அசைவு போனாலும் வலி உணர்வு போக வேண்டும் என்று கட்டாயமில்லை. இந்த நிலையில் யாராவது அவரை எழுப்பி உட்கார வைக்க அந்தக் கையைப் பிடித்துத் தூக்கியிருப்பீர்கள். எல்லா வீட்டிலும் நடப்பது. இன்றிலிருந்து அந்தக் கையையும் அக்குளையும் பிடித்து யாரும் இழுக்கக்கூடாது. பார்க்க வருபவர்களுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள், அவர்கள்தான் பாசத்தில் முதலில் கையைப் பிடிப்பார்கள். தூக்க வேண்டுமென்றால் தோள்பட்டை எலும்புக்குப் பின்னாலும் இடுப்பிலும் கை கொடுங்கள்.

படுக்கையில் அந்தக் கைக்குக் கீழே தலையணை. நாற்காலியில் உட்கார்ந்தால் கை மடியிலிருந்து நழுவித் தொங்கக்கூடாது, முன்னால் பலகையோ தலையணையோ வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்கிறார்களா? இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். குதிகால், பின்இடுப்பு, இடுப்பின் பக்க எலும்பு, இந்த இடங்களில் தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். சிவந்த இடத்தைத் தேய்க்க வேண்டாம். படுக்கைப்புண் வந்தால் அப்புறம் பயிற்சியே நின்றுபோகும்.

இன்னொன்று, எண்ணெய் போட்டு உருவிவிட்டால் போதும் என்று யாராவது சொல்வார்கள். உருவினால் இதமாக இருக்கும், சரி. ஆனால் மூளை மறுபடி கற்றுக்கொள்வது அவரே முயன்று செய்யும் அசைவில்தான், அதுவும் நூற்றுக்கணக்கான முறை. தடவிவிடுவதில் வேலை செய்வது உங்கள் மூளை, அவருடையது அல்ல. அதற்காக முதல் நாளே நிற்க வைத்து நடத்தவும் கூடாது. 24 மணி நேரத்துக்குள் அதிகமாக எழுப்பி நடமாட வைத்தவர்கள் பின்தங்கியதாக 2015ல் வந்த பெரிய ஆய்வே சொன்னது. ஒன்பதாவது நாளில் அந்தக் கவலை உங்களுக்கு இல்லை.

ஏழாவது_வருடம் | பதிவு 11

என் கணவருக்கு வந்து ஏழு வருடம். அழுகையைப் பற்றி நான் சொல்கிறேன் தம்பி.

இரண்டு விதம் உண்டு. ஒன்று, மனசில் துக்கமே இல்லாமல் கண்ணீர் பீறிடுவது. அழுகையைக் கட்டுப்படுத்தும் இடம் மூளையில் பழுதாகிவிடுகிறது. தெரிந்த முகத்தைப் பார்த்ததும் தொடங்கும், பேச்சை மாற்றினால் சட்டென்று நின்றுவிடும். என் கணவருக்குச் சிரிப்பும் அப்படித்தான் வந்தது, அதுவும் ஒரு துக்க வீட்டில். நாங்கள் பட்ட பாடு! இரண்டாவது, உண்மையான மனச்சோர்வு. மூன்றில் ஒருவருக்கு வருகிறது. சாப்பாடு வேண்டாம், பயிற்சி வேண்டாம், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வது, இரவில் தூக்கமின்மை. இரண்டுக்கும் மருந்து இருக்கிறது. "தைரியமா இருங்க" என்று சொல்லி ஓட்டாதீர்கள், நான் எட்டு மாதம் அப்படித்தான் ஓட்டினேன்.

பேச்சு வராதவரிடம் சத்தமாகப் பேசாதீர்கள், காது கேட்காமல் இல்லை. ஆம், இல்லை என்று தலையாட்டும்படி கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. டிவியை அணைத்துவிடுங்கள். சொல் வரத் திணறும்போது நீங்கள் முந்திக்கொண்டு எடுத்துக் கொடுக்காதீர்கள், பத்து வரை மனசுக்குள் எண்ணுங்கள். அவர் முன்னாலேயே அவரைப் பற்றி மற்றவர்களிடம் பேசாதீர்கள். அதில்தான் அவருக்கு மிகவும் கோபம் வந்தது என்று மூன்று வருடம் கழித்து என்னிடம் சொன்னார்.

உணவு செலுத்தும் ட்யூப் எடுத்த பிறகு தண்ணீரில்தான் கவனம் வேண்டும். கெட்டியான உணவைவிடத் தண்ணீர்தான் புரையேறும், வேகமாக வழுக்கிப் போகிறது அல்லவா. நிமிர்ந்து உட்கார வைத்துக் கொடுங்கள், முடிந்ததும் அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள். சாப்பிட்ட பிறகு குரல் ஈரமாக, களகளவென்று கேட்டால் இருமல் இல்லாவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

அம்மாவை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? அவர் தூங்குகிறாரா?

நடைபயணி | பதிவு 12

நேற்று வந்த சித்தப்பா அந்தக் கையைப் பிடித்துத்தான் உட்கார வைத்தார். அப்பா அலறியது அதனால்தான் என்று இப்போது புரிகிறது. கட்டில் தலைமாட்டில் "வலது கையை இழுக்காதீர்கள்" என்று தாளில் எழுதி ஒட்டிவிட்டேன்.

அக்கா, அம்மா தூங்கவில்லை. நீங்கள் கேட்ட பிறகுதான் நான் அவரைப் பார்த்தேன். இன்றிரவு நான் இங்கே, அவர் வீட்டில்.

மாத்திரை விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

பழைய_ரேடியோ | பதிவு 13

நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கணக்கர் ஐயா, கோபப்படாதீங்க. "உடம்பே சொல்லும்"னு எழுதியிருக்கீங்க. பிபி விஷயத்துல உடம்பு சொல்லவே சொல்லாது, அதுதான் அதோட குணம். 180 இருந்தாலும் தலைவலி இல்லாம நடமாடுறவங்க நிறைய. பிபி நார்மல் ஆனது மாத்திரையாலதான். நிறுத்தினா கொஞ்ச நாள்ல பழைய இடத்துக்கே போயிடும்.

32 நாடுகளில் நடந்த ஒரு ஆய்வு 2016ல் வந்தது. மாற்றக்கூடிய பத்துக் காரணங்கள்தான் பக்கவாதத்தில் ஏறக்குறைய 90 சதவீதத்துக்குப் பின்னால இருக்குன்னு கணக்கிட்டாங்க. புகை, சர்க்கரை, கொழுப்பு, குடி, தொப்பை, உட்கார்ந்தே கிடக்கிறது, மனஅழுத்தம், சாப்பாடு, இதய நோய் எல்லாம் அதுல உண்டு. தனி ஆளா நிக்கிறது ரத்த அழுத்தம். மத்ததெல்லாம் அதுக்கு அடுத்தபடிதான்.

கணக்கர்_ஓய்வு | பதிவு 14

எத்தனை ஆய்வு வேணும்னாலும் காட்டலாம். என் வீட்டில பிபி கருவி இருக்கு. நாளைக்குப் பார்த்துப் போடுறேன், அப்ப பேசுவோம்.

இரவுப்பணி | பதிவு 15

போடுங்கள் ஐயா, காத்திருக்கிறேன். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, முதுகு சாய்த்து, கால் மேல் கால் போடாமல், கையை இதய உயரத்தில் வைத்துப் பாருங்கள். சட்டைக் கையின் மேல் பட்டை சுற்றக்கூடாது. ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது முறையும் பாருங்கள். ஒரு வாரம் காலையும் இரவும்.

நடைபயணி, மாத்திரை நிறுத்தியது ஆபத்தைக் கூட்டியது உண்மை. ஆனால் அது மட்டும்தானா என்று தெரியாது. இசிஜி தவிர, 24 மணி நேரமோ அதற்கு மேலோ இதயத் துடிப்பைப் பதிவு செய்தார்களா? கழுத்துக் குழாய் ஸ்கேன்? கட்டி எங்கிருந்து கிளம்பியது என்று தெரிந்தால்தான் அடுத்தது வராமல் தடுக்க முடியும்.

நடைபயணி | பதிவு 16

மூன்று நாள் கழித்து வருகிறேன். துடிப்பைப் பதிவு செய்யும் கருவியை மாட்டினார்கள். ஏட்ரியல் பிப்ரிலேஷன் என்கிறார்கள், துடிப்பு அவ்வப்போது தாளம் தப்புகிறதாம். வந்த அன்று எடுத்த இசிஜியில் இல்லை. ரத்தம் உறையாத மாத்திரை தொடங்கப் போகிறார்கள், ஆனால் இன்னும் சில நாள் போகட்டும் என்கிறார்கள். ஏன் தாமதம்? ஆஸ்பிரினே போதாதா?

இரவுப்பணி | பதிவு 17

தாளம் தப்பும்போது இதயத்தின் மேல் அறை சரியாகச் சுருங்காமல் நடுங்குகிறது. அங்கே தேங்கும் ரத்தம் உறைந்து, கட்டி நேராக மூளைக்குப் போகிறது. பக்கவாத ஆபத்தை ஐந்து மடங்காக்கும் கோளாறு இது. வந்து வந்து போவதால் ஒரு இசிஜியில் சிக்குவதில்லை. சரியான மாத்திரை அந்த ஆபத்தை மூன்றில் இரண்டு பங்கு குறைக்கும். இந்த வகைக்கு ஆஸ்பிரின் ஈடாகாது. தாமதம் ஏனென்றால் பாதிக்கப்பட்ட மூளைத்திசு இப்போது மென்மையாக இருக்கும், பாதிப்பு பெரிதாக இருந்தால் உடனே தொடங்கும்போது அங்கே ரத்தம் கசியலாம். எத்தனை நாள் என்பது பாதிப்பின் அளவைப் பார்த்து அவர்கள் முடிவு செய்வது.

தொடங்கிய பிறகு ஒரு வேளைகூடத் தவறக்கூடாது. பல் பிடுங்கவோ வேறு எதற்கோ யாராவது நிறுத்தச் சொன்னால் முதலில் நரம்பியல் டாக்டரிடம் கேளுங்கள்.

கணக்கர்_ஓய்வு | பதிவு 18

சொன்ன வார்த்தைக்குப் போடுறேன். முதல் நாள் காலை 172/98. கருவி பழசுன்னு பக்கத்து வீட்டுக் கருவியில பார்த்தேன், 176/100. இரவு 168/96. நாலு நாளும் இதே கதை. தலைவலி இன்னமும் இல்லை.

இன்னிக்கு டாக்டரைப் பார்த்தாச்சு. வேற எதுவும் கேக்காதீங்க.

ஏழாவது_வருடம் | பதிவு 19

கேட்கவில்லை ஐயா. நல்லது செய்தீர்கள்.

நடைபயணி | பதிவு 20

இருபத்தாறாவது நாள். ட்யூப் எடுத்தாகிவிட்டது. இன்று காலை தம்பி அப்பாவுக்கு முகச்சவரம் செய்யும்போது லேசாக வெட்டிவிட்டான். அப்பா தெளிவாக, ஒரு எழுத்துகூடக் குழறாமல், "போடா மடையா" என்றார். இத்தனை நாளும் "அது" மட்டும்தான். எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார், அப்புறம் வழக்கம்போல அழுதார். மறுபடி சொல்லச் சொன்னால் வரவில்லை. பேச்சு திரும்புகிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

இரவுப்பணி | பதிவு 21

திட்டு, எண்ணிக்கை, கிழமைகளின் பெயர், பழகிய பாட்டு எல்லாம் நாக்கிலேயே ஊறிப்போனவை. யோசித்துச் சொல்லும் பேச்சு போனாலும் இவை பலருக்கு மிஞ்சும். அதனால் முழுப் பேச்சும் திரும்புகிறது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் பேச்சுப் பயிற்சியாளரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அங்கிருந்தே தொடங்குவார்கள். ஒன்று முதல் பத்து வரை அவரோடு சேர்ந்து எண்ணிப் பாருங்கள், பாதியில் நீங்கள் நிறுத்துங்கள்.

நடைபயணி | பதிவு 22

ஏழு வரை வந்தார்!

நாளை மறுநாள் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கைபிடி சார், கட்டில் எந்த உயரத்தில் இருக்க வேண்டும்? எந்தப் பக்கம் சுவர் வர வேண்டும்?

கைபிடி | பதிவு 23

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படிய வேண்டும், முட்டி இடுப்பைவிட உயரக்கூடாது. மிகவும் தாழ்வாக இருந்தால் எழவே முடியாது. இப்போதைக்கு இடது பக்கம் வழியாக எழுந்து பழகட்டும், அதனால் அந்தப் பக்கத்தைத் திறந்து வையுங்கள். நாற்காலியை மட்டும் வலது பக்கம் போடுங்கள், வருகிறவர்கள் அங்கே உட்கார்ந்து பேசினால் அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டி வரும். தரைவிரிப்பு, வயர் எதுவும் வழியில் வேண்டாம். குளியலறையில் சுவரோடு கைப்பிடி, இடது கைக்கு எட்டும் பக்கத்தில். நாளை வார்டில் பிசியோ வரும்போது அம்மாவையும் பக்கத்தில் நிற்க வையுங்கள், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதை நீங்கள் பார்த்தால் போதாது, அவர் ஒரு முறை செய்து பார்க்க வேண்டும்.